புதன்கிழமைக் குழம்பு

“அப்படி என்னத்தப் போடற அதுல?”

சம்பூர்ணம் கேட்ட முதல் கேள்வியே இதுதான். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றினாளே, அதுவே பெரிய மரியாதை.

குருவைத் தேடிப் போகிறவர்கள் பழத்தட்டோடு போவார்கள். சம்பூர்ணம் வயிற்றெரிச்சலோடு போனாள்.

போன இடம் திருப்பூரில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் ஒரு மாடி வீடு. கீழே குடோன், மேலே குடித்தனம். அங்கே இருப்பவள் அமாகா, நைஜீரியாக்காரி. அவளும் புருஷனும் பனியன் வாங்கி லாகோஸுக்கு அனுப்புகிறார்கள். வந்து பதினோரு வருஷமாகிறது. பேக்கிங் பெண்களோடு பேசிப் பேசியே தமிழ் படித்துக்கொண்டவள். சம்பூர்ணத்துக்குப் பத்து வயது இளையவள்.

சம்பூர்ணத்தின் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுக்கு அந்தக் குடோனில்தான் வேலை. புதன்கிழமை தவறாமல் அமாகா ஆட்டுக்கறி எடுத்துத் தன் ஊர்க் குழம்பு வைப்பாள். மத்தியானம் குடோனே மாடியேறிப் போய்ச் சாப்பிடும். சம்பூர்ணம் கட்டிக்கொடுத்த தூக்குப்போசி அன்றைக்கு மட்டும் போனபடியே திரும்பி வரும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். போன புதன்கிழமை மனுஷன் கழுவின கையை மோந்து பார்த்துக்கொண்டே, “நல்லாருக்குது அந்தக் கொழம்பு” என்று சொல்லிவிட்டார்.

பத்தொன்பது வருஷம் இவள் கையால் தின்றவர். ஒருநாளாவது அந்த ஒரு வார்த்தை இவளுக்கு வந்ததா? தட்டு காலியானால் நன்றாயிருந்தது என்று இவளாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பொறாமைதான். அதற்கு வேறு பேர் வைத்தால் பொய்.

அமாகா எதையும் மறைக்கவில்லை. விரல் மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள். தக்காளி, சிவப்புக் குடைமிளகாய், வெங்காயம், அவர்கள் ஊர் உருண்டை மிளகாய், எல்லாவற்றையும் அரைத்துத் தண்ணீர் சுண்டக் காய்ச்சி, எண்ணெய் தாராளமாக விட்டு வதக்க வேண்டும். கறியைத் தனியாகக் கறிமசால் தூளும் தைம் என்கிற காய்ந்த இலையும் போட்டு வேகவைத்து, பொரித்து, அந்த வெந்த தண்ணீரோடு அதில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

மிளகாயும் இலையும் காகிதத்தில் மடித்தும் கொடுத்தாள்.

“சாப்ட்டுட்டுப் போங்கக்கா.”

“இன்னிக்கு விரதம்” என்றாள் சம்பூர்ணம்.

கறி கொதிக்கிற வீட்டில் நின்றுகொண்டு சொல்கிற விரதம். எந்தச் சாமிக்கு என்று அமாகா கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அமாகா சொன்னது சொன்னபடி சம்பூர்ணம் வைத்தாள். அவள் வீட்டில் சமைக்கிறவள் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. பிறந்த வீட்டிலும் அதுதான் வழக்கம், புகுந்த வீட்டிலும் அதுதான். கொதி வரும்போது ஒருதரம் குனிந்து மோந்தாளானால் உப்பு ஏறியதா குறைந்ததா என்று சொல்லிவிடுவாள். தெருவில் அதற்காக அவளுக்கு ஒரு பேர் உண்டு.

நாச்சிமுத்து மூன்று வாய் சாப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தார். “நீ வெச்சதா? பரவால்ல. ஆனா அது இல்ல” என்றார்.

மீதியை வாயில்கூட வைக்காமல் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு அவள் தின்றது மோரும் சோறும்தான்.

அடுத்த புதன்கிழமை மறுபடியும் மாடியேறினாள். எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறாய் என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். அமாகா சமையற்கட்டை விட்டு வெளியே வந்து, நீங்களே பாருங்கள் என்று கதவோரம் நின்றுகொண்டாள். சம்பூர்ணமும் வெட்கப்படாமல் பார்த்தாள். டப்பா டப்பாவாகத் திறந்து மோந்தாள். பாதிக்கு மேல் அவள் போகிற மளிகைக் கடையில் வாங்கியதுதான்.

“சாப்ட்டுட்டுப் போங்கக்கா.”

“வயிறு சரியில்ல.”

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வைத்தாள். அன்றைக்கும் “அது இல்ல.” நாச்சிமுத்து நல்ல மனுஷன்தான், ஆனால் பொய் சொல்லத் தெரியாது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். சம்பூர்ணம் சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டியோடு தூக்கி எறியலாமா என்றிருந்தது. பத்தொன்பது வருஷத்தில் தன் சமையலைப் பார்த்து அவள் அழுதது அன்றைக்குத்தான்.

மூன்றாவது புதன்கிழமை அவள் கேள்வி கேட்கவில்லை.

“நீ என்னமோ மறைக்கற” என்றாள். “எனக்கு அது தெரிஞ்சாகணும். இல்லாட்டி நான் இந்த வூட்டு வாசப்படிய விட்டு எறங்கப் போறதில்ல.”

அமாகாவின் குழம்பு தயாராகி மூடி வைத்திருந்தது. அவள் இன்னொரு சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள். வேகவைத்துப் பொரித்த கறி கொஞ்சம் எடுத்துக் கொடுத்தாள். அரைத்ததையும் எடுத்துக் கொடுத்தாள்.

“நீங்க வைங்கக்கா. நான் பாக்கறேன்.”

சம்பூர்ணம் முந்தானையைச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். கை தயங்கவே இல்லை. காய்ச்சினாள், வதக்கினாள், கறியைப் போட்டாள், கொதி வந்ததும் குனிந்து மோந்தாள். அடுப்பை அணைத்தாள். அமாகா முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆச்சு” என்றாள் சம்பூர்ணம்.

“உப்பு?”

“சரியா இருக்குது. வாசம் சொல்லுதே.”

“புளிப்பு?”

சம்பூர்ணம் இன்னொருதரம் குனிந்தாள். “சரியாத்தான் இருக்கோணும்.”

அமாகா தலையாட்டினாள். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

“என் கொழம்பு எப்படி இருக்குங்கக்கா?”

சம்பூர்ணம் மூடி வைத்திருந்த சட்டியைப் பார்த்தாள். அதிலிருந்து ஒரு சொட்டுக்கூட அவள் வாயில் வைத்ததில்லை.

அமாகா எழுந்தாள். சம்பூர்ணத்தின் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். அவர்கள் ஊரில் சமைக்கிறவள் ருசி பார்ப்பது உள்ளங்கையில் விட்டுத்தான். தன் சட்டியிலிருந்து அரைக் கரண்டி எடுத்து, ஊதி, அந்தக் கையில் விட்டாள்.

சிவப்பாக, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கைக்குழியில் நின்றது. கையைச் சாய்த்தால் தரையில் கொட்டும். பிடித்துக்கொண்டே நிற்கவும் முடியாது, சூடு. பக்கத்தில் சாமி படமும் இல்லை, விரதம் சொல்ல.

சம்பூர்ணம் நக்கினாள்.

முதலில் காரம்தான். காது வரைக்கும் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் தக்காளி வந்தது, புளிப்பே இல்லாமல், தித்திப்பாக. கடைசியில் கறி.

கேட்காமலே இடது கையை நீட்டித் தன் சட்டியிலிருந்து தானே கொஞ்சம் விட்டுக்கொண்டாள். நக்கினாள். புளிப்பில் முகம் சுருங்கிப் போயிற்று.

அப்புறம் வலது கையைத்தான் மறுபடியும் நீட்டினாள். அமாகா விட்டாள். இந்தத் தடவை நிதானமாக, விரலிடுக்கில் இறங்கியதையும் விடாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் தின்றாள்.

“நல்லாருக்குது” என்றாள்.

சொல்லிவிட்டு அந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்படி என்னத்தப் போடற அதுல?”

அமாகா சம்பூர்ணத்தின் சட்டிக்குக் கீழே அடுப்பை மறுபடியும் பற்றவைத்தாள்.

“இப்பச் சொல்றேங்கக்கா.”