உடைவாளில் ஒரு முடிச்சு

முன்னொரு காலத்தில், செம்மண் நாடு ஒன்றை ஆண்ட அரசருக்கு நெடுங்காலம் கழித்து ஒரு மகன் பிறந்தான். அந்தச் செய்தி போர்ப்பாசறையில் இருந்த அவரை எட்டியதும், அவருக்கு விநோதமான ஓர் ஆசை எழுந்தது. "என் பிள்ளை பால் குடிக்கும் நேரத்தில் இந்நாட்டில் வேறெந்தப் பிள்ளையும் பசித்து அழக் கூடாது. பிள்ளையுள்ள வீட்டுக்கு அடுப்பு வரி வேண்டாம். பிள்ளைக்கென்று மாதந்தோறும் களஞ்சியத்து நெல்லை அளந்து கொடுங்கள்" என்று அங்கிருந்தபடியே ஆணையிட்டார்.

ஆணை நல்ல ஆணைதான். அதற்கு விதி எழுதும் பொறுப்பு வரியதிகாரி பூதியாரிடம் போய்ச் சேர்ந்ததுதான் கேடு. வாங்கும்போது நீளும் கை, கொடுக்கும்போது மடங்கிக்கொள்ளும் மனிதர் அவர்.

அந்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை பிறந்த இடத்து மண்ணில் ஒரு சிட்டிகையை எடுத்து, மருத்துவச்சி அதைச் சிறு பையில் முடிந்து குழந்தையின் அரைஞாணில் கட்டிவிடுவாள். பிள்ளை இந்நாட்டில் பிறந்ததுதானா என்றறிய, எவர் நெல் கோரினாலும் அந்தப் பையைப் பிரித்து மண்ணைக் காட்ட வேண்டும் என்றார் பூதியார். அத்துடன், தாய் தன் முந்தானையைக் கணவனின் மேல்துண்டோடு முடிந்துகொண்டு, இருவருமாகச் சாவடிப் படியேற வேண்டும் என்றும் எழுதினார். பொய்க் குடும்பங்கள் புகுந்துவிடக் கூடாதே என்பது அவர் கவலை. மெய்யான பசி வெளியே நின்றுவிடுமே என்பது அவர் கவலையன்று.

அந்தச் சாவடிப் படியில் ஒரு நண்பகலில் தையல்நாயகி நின்றாள். இடுப்பில் மகள் சிறுபொன்னி. ஆற்றுக்கு அப்பாலுள்ள கரிசல் நாட்டிலிருந்து, கணவனின் அடிக்கு அஞ்சித் தப்பிவந்தவள். அரசரின் ஏரிக்கரைக்கு ஒற்றைக் கையால் கல்லுடைத்துப் பிழைத்தாள். மூன்று கல்லைக் கூட்டி அவள் மூட்டிய அடுப்புக்கு வரி வாங்க வந்தவர்கள், அவள் எந்த மண்ணில் பிறந்தவள் என்று கேட்கவில்லை. நெல் கேட்டு வந்தபோதுதான் அந்தக் கேள்வி முளைத்தது.

பூதியார் பையைப் பிரித்து மண்ணை உள்ளங்கையில் தேய்த்தார்.

"கரிசல். பிள்ளை அயல்நாட்டது. சரி, உன் கணவன் எங்கே?"

"அக்கரையில இருக்காருங்க."

"வரச்சொல். முடிச்சுக்கு ஆள் வேண்டும்."

"அந்தாளு வந்தா என்னைய உசுரோட விடமாட்டாருங்க, சாமி. இந்தக் கையப் பாருங்க. உலக்கையால அடிச்சது. எலும்பு கூடவே இல்ல."

பூதியார் அந்தக் கையைப் பார்க்கவில்லை. "குடும்பச் சச்சரவு எமது பொறுப்பன்று. நீ அழைக்க அஞ்சினால் நாமே அழைத்துத் தருகிறோம்" என்று சொல்லிவிட்டுக் காவலன் பக்கம் திரும்பினார். "அக்கரைக்கு ஆள் அனுப்பு. மனைவியும் மகளும் இங்கே இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிவி."

தையல்நாயகி ஓரடி பின்வாங்கினாள். போன கோடையில் அவளோடு கல்லுடைத்த கோதையையும் இப்படித்தான் கணவனை வரவழைத்து அனுப்பிவைத்தார்கள். சில நாள் கழித்துக் கோதை ஆற்றில் மிதந்து வந்தாள். குடும்பம் ஒன்றுசேர்ந்தது என்று சாவடியில் அதற்குள் பெருமையாகப் பேசி முடித்திருந்தார்கள்.

படியின் ஓரத்தில் பொரி தின்றுகொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். அரசவை விகடகவி குழைக்காதர். அவரைப் பார்த்தாலே சிரிக்க வேண்டும் என்று ஊர் பழகியிருந்தது. அன்று அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"தாயே, பையை மறுபடி கட்டு. ஒரு துகள்கூடச் சிந்தாதே. அந்த மண்ணுக்கு வேலையிருக்கிறது."

"மண்ணத் தின்னா பசியாறும்ங்களா, ஐயா?"

"ஆறாது. ஆனால் சிலர் வாயை அடைக்கும்."

அவர் அவளை நேரே அரசவைக்கு அழைத்துச் சென்றார். பாசறையிலிருந்து திரும்பியிருந்த அரசர் அப்போதுதான் சதுரங்கத்தில் தோற்றிருந்தார். பூதியாரோ குறுக்கு வழியில் முன்பே வந்து, விகடகவி விதியை மீறச் சொல்கிறார் என்று அரசரின் காதில் ஓதியிருந்தார்.

"விதி விதிதான், குழைக்காதரே" என்றார் அரசர். "ஓர் எழுத்தும் மாறாது. மாற்றாமலேயே இவள் பிள்ளைக்கு நெல் வாங்கிக் கொடும், பார்ப்போம். இவள் கணவன் வந்து சேரும் வரை உமக்குத் தவணை. முடியாவிட்டால் இவளோடு நீரும் ஆற்றைக் கடக்க வேண்டியதுதான்."

"ஓர் எழுத்தும் மாற வேண்டாம், அரசே. எனக்கும் அதுவே விருப்பம்" என்றார் குழைக்காதர்.

பூதியார் மீசையைத் தடவிக்கொண்டார்.

தையல்நாயகியின் கணவன் வீரணன் வந்து சேர்ந்தான். தையல்நாயகியையும் சிறுபொன்னியையும் அவை நடுவே நிறுத்தியிருந்தார்கள். அவன் மேல்துண்டை உதறி, இதமாகச் சிரித்தான்.

"வா புள்ள, வீட்டுக்குப் போலாம். பிள்ள எளைச்சுப் போயிருச்சே."

அவன் இப்படி மெதுவாகப் பேசிய நாள்களைத்தான் அவள் உடம்பு மறக்கவில்லை. சிறுபொன்னி தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தாள்.

"சற்றுப் பொறும், ஐயா" என்றார் குழைக்காதர். பிறகு பூதியாரை வணங்கினார். "அதிகாரி அவர்களே, இந்த விதியின்படி முதன்முதல் நெல் பெற்றவர் யார்?"

பூதியார் நெஞ்சை நிமிர்த்தினார். "நாட்டுக்கு முன்மாதிரியாக அரசியாரே சாவடிக்கு எழுந்தருளினார். அடியேன் கையால் அளந்தேன்."

"இளவரசரின் பையைப் பிரித்து மண்ணைப் பார்த்தீரா?"

"அரண்மனைப் பையைப் பிரிக்க நான் யார்?"

"எவர் கோரினாலும் பிரிக்க வேண்டும் என்று எழுதியவர் நீரல்லவா?"

அரசருக்கு ஆவல் பிறந்தது. இளவரசனை அழைத்துவரச் சொன்னார். செவிலியின் கையில் துள்ளிய பிள்ளையின் அரைஞாணிலிருந்து பட்டுப் பையை அவிழ்த்தார்கள். குழைக்காதர் ஒரு வாழையிலைத் துண்டை விரித்து, பட்டுப் பையின் மண்ணை ஒரு பக்கமும், சிறுபொன்னியின் கந்தல் பையின் மண்ணை மறுபக்கமும் கொட்டினார். இரண்டும் கரிசல்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும் என்பது அரண்மனை முதல் குடிசை வரை எல்லோரும் அறிந்த வழக்கம். அரசியாரின் தாய்வீடு கரிசல் நாடு. விதி எழுதியபோது பூதியார் அதை மறந்துபோனார். தம் மனைவியைத் தலைப்பிரசவத்துக்கு அக்கரைக்கு அனுப்பிவைத்ததையும் சேர்த்தே மறந்துபோனார். அமைச்சர்களில் பலர், தத்தம் மூத்த பிள்ளை எங்கே பிறந்தது என்பதை நினைத்துத் தரையைப் பார்த்தார்கள்.

குழைக்காதர் இலையைச் சுற்றித் திருப்பி நீட்டினார். "இதில் இளவரசரின் மண் எது, கல்லுடைப்பவள் மகளின் மண் எது? அதிகாரி பிரித்துக் காட்டட்டும். காட்டிவிட்டால் நான் இப்போதே ஆற்றைக் கடக்கிறேன்."

பூதியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மண் போகட்டும், அரசே. முடிச்சு? இதோ கணவனே வந்து நிற்கிறான். துண்டோடு முந்தானையை முடிந்துகொண்டு நெல்லை வாங்கிப் போகட்டும்."

தையல்நாயகி அவையில் முதன்முறையாக வாய் திறந்தாள்.

"நெல்லு வேணாம் சாமி. வரியும் குடுத்துர்றேன். எங்கள இங்கயே விட்டுருங்க."

 அடிபட்டவள் உயிருக்காகத் தன் உரிமையை விட்டுக்கொடுக்க முன்வந்ததைக் கேட்டும் அவையில் சிலரால் தாம்பூலத்தை மென்றுகொண்டிருக்க முடிந்தது.

"அரசியார் சாவடிக்கு வந்த அன்று அரசர் பாசறையில் இருந்தார்" என்று தொடர்ந்தார் குழைக்காதர். "அரசியார் தம் முந்தானையை எதனோடு முடிந்திருந்தார், அதிகாரி அவர்களே?"

பூதியாரின் குரல் இறங்கிப்போயிற்று. "பாசறையிலிருந்து வந்த உடைவாளோடு. காக்க வேண்டியவர் அருகில் இல்லாதபோது அரசரின் வாள் நிற்பது மரபு."

"நல்ல மரபு. இவளைக் காக்க வேண்டியவன் மணந்த நாள் முதல் அருகில் இருந்ததே இல்லை. இருந்தவன் உலக்கையோடு இருந்தான். அரசே, விதியில் ஓர் எழுத்தும் மாற வேண்டாம். உடைவாளை மட்டும் இரவல் தாருங்கள்."

அரசர் இலையிலிருந்த மண்ணையும், தம் மகனையும், கோணலாகத் தொங்கிய அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இடைக்கச்சையைத் தளர்த்தி வாளை உறையோடு நீட்டினார்.

ஒரு கையால் முடிச்சுப் போட வரவில்லை. தையல்நாயகி முந்தானை நுனியைப் பல்லால் கடித்து இழுத்து, வாளின் கைப்பிடியில் இறுக்கி முடிந்தாள்.

குழைக்காதர் வீரணனிடம் குனிந்து பணிவாகச் சொன்னார். "மனைவியை அழைத்துப் போகத்தானே வந்தீர்? தாராளமாக அழைத்துப் போகலாம். அந்த முடிச்சை மட்டும் உமது கையாலேயே அவிழ்த்துக்கொள்ளும்."

வீரணனின் கை பழக்கத்தில் முன்னே நீண்டது. அது எதன்மேல் விழப்போகிறது என்பதைக் கண்டதும் நின்றது. பூதியாரைப் பார்த்தான். பூதியார் உத்தரத்தைப் பார்த்தார். அவன் முதுகைக் காட்டாமல் பின்னுக்கே நடந்து வாயிலைத் தாண்டினான்.

அரசர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். "கழுத்து அறுக்கத்தான் என் வாளுக்குத் தெரியும் என்றிருந்தேன். சோறு வாங்கிக் கொடுக்கவும் தெரிந்திருக்கிறதே. குழைக்காதரே, என்ன பரிசு வேண்டும்? கேளும்."

"வாளை இனி அரண்மனைக்குத் திருப்பி வாங்க வேண்டாம். சாவடி வாயிலில் தொங்கட்டும். அதன்கீழே அமர்ந்து அதிகாரி அவர்களே நெல் அளக்கட்டும். படியில் இன்னும் பலர் நிற்கிறார்கள்."

"பகைவர் வந்தால் நான் என்ன செய்வேன்?" என்றார் அரசர், சிரிப்பு மாறாமல்.

"உங்களுக்குப் பகைவர் வந்தால் வேறு வாள் எடுத்துக்கொள்ளலாம், அரசே. இவர்களுக்குப் பகைவர் முன்பே வந்துவிட்டார்கள்."

அரசரின் சிரிப்பு அங்கே நின்றது. கேட்ட பரிசைக் கொடுத்தார்.

அந்த வாள் சாவடி வாயிலில் தொங்கியது. அதில் முந்தானையை முடிந்து எத்தனையோ பெண்கள் படியேறினார்கள். செம்மண், கரிசல், ஆற்று மணல் என்று எந்தப் பை வந்தாலும் பூதியார் தலைகுனிந்து நெல் அளந்தார். முடிச்சுகள் உரசி உரசி வாளின் கைப்பிடி தேய்ந்து பளபளத்தது.

தையல்நாயகி நெல் வாங்கும் நாளிலெல்லாம் அதை ஒருமுறை தொட்டுவிட்டு, ஆற்றின் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். கோதைக்குத்தான் அந்த வாள் ஒரு கோடை தாமதமாக வந்துவிட்டது.