மண் தொடாத துண்டு

"மேடம், எரியவே எரியாத பிளாஸ்டிக் ஒண்ணு செய்ய முடியாதா?"

ஜெசிந்தா கையில் கருகிய துண்டோடு நின்றாள். மக்காச்சோளத்திலிருந்து எடுத்த பிளாஸ்டிக். மண்ணில் போட்டால் மட்கிவிடும். அதில் தீயைத் தடுக்கும் தூள் கலப்பதுதான் அவள் ஆராய்ச்சி.

வழிகாட்டி மெஹருன்னிசா வயதில் அவளுக்கு இளையவள்.

"நெருப்பு பிடிச்சுது, தானா அணைஞ்சிருச்சு. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"கருகியிருக்கே, மேடம்."

மெஹருன்னிசா தூள் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஜெசிந்தா தூளைக் கூட்டினாள். மறுபடியும் கூட்டினாள். கடைசியில், சுடரில் காட்டியும் துண்டு நிறம்கூட மாறவில்லை.

"இதுல இலங்கையைக் கட்டியிருந்தா அனுமார் வெறும் வாலோட திரும்பியிருப்பார்க்கா!" என்றான் கூடப் படிக்கும் தினகர்.

எல்லாரும் சிரித்தார்கள்.

"தொட்டில் வலை பின்னலாமா இதுல?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

சிரிப்பு நின்றது. அவள் மகன் கெவின் தூங்கிய தொட்டிலின் வலையில் மெழுகுத்திரி சாய்ந்த கதை அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"மண்ணையும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்," என்றாள் மெஹருன்னிசா.

பின்புறத்து உரக்குழியில், மற்றவர்களின் துண்டுகளோடு அதையும் புதைத்தார்கள்.

மழைக்காலம் முடியும் தறுவாயில், குளிர்ந்த ஒரு காலையில், தோண்டினார்கள். மட்கும் குழியிலிருந்து ஆவி எழுந்தது. மற்றவர்கள் புதைத்ததெல்லாம் தொட்டதும் பொடிந்தது. ஜெசிந்தாவின் துண்டைத் துடைத்தால் பளபளத்தது.

"இது தேறாதுங்க. மட்கணும். அதுக்குத்தானே இத்தனை பாடு," என்றாள் மெஹருன்னிசா.

ஜெசிந்தா துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இதாவது வெச்சது வெச்சபடி இருக்கட்டுமே, மேடம்."

அவள் கட்டைவிரல் துண்டின் ஓரத்தைத் தடவியது.

"கெவினை அடக்கம் பண்ணதோட சரி. கல்லறைப் பக்கமே நான் போறதில்ல. உள்ள அவன் இப்ப எப்படி..."



மெஹருன்னிசா மண்டியிட்டாள். துண்டுகள் கரைந்துபோன இடத்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளினாள்.

"கையை நீட்டுங்க. ரெண்டு கையும்."

நீட்டுவதற்குத் துண்டைக் கீழே விட வேண்டியிருந்தது.

மண் வந்து கையில் விழுந்தது. ஜெசிந்தா திடுக்கிட்டாள்.

"சுடுதா?"

"இல்ல..."

"பின்ன?"

மண்ணின் மேல் அவள் விரல்கள் மெல்ல மூடிக்கொண்டன.

"மடிச் சூடு, மேடம்."