முப்பத்திரண்டு கோர்களும் ஒரு துளியும்

சாலிகிராமத்து அனிமேஷன் கூடம் ஒன்றில் ஜெபமலர் குரு, ஏகாம்பரம் சீடர். குருவுக்கு வயது முப்பத்து நான்கு, சீடருக்கு ஐம்பத்தொன்று. அதில் இருவருக்குமே உறுத்தல் இல்லை.

அன்று மாலைக்குள் குறும்படம் விழாவுக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் எல்லோருடைய உழைப்பும் பாழ். பாக்கி ஒரே ஒரு ஷாட், ஒரு பெண்ணின் கண்ணிலிருந்து நீர் விழும் காட்சி. அது ஏகாம்பரத்தின் பொறுப்பு. அவரோ, ஓட்டிப் பார்த்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதாகக் கடையில் சொல்லி இரண்டு கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து, எது வேகமாகக் கணக்கிட்டுக் காட்சியைப் படமாக்குகிறது என்று ஒரு வாரமாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில், ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கணக்குப் போடும் கோர்கள் பதினாறு, மற்றதில் முப்பத்திரண்டு. தூக்கமில்லாமல் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"மேடம், ரெண்டுமே ஏறக்குறைய ஒரே நேரத்துலதான் முடிக்குது. இரட்டிப்பு கோர் இருந்து என்ன புண்ணியம்?"

ஜெபமலருக்கும் அலுப்புதான். வந்து பெரிய மெஷினை ஓடவிட்டு, திரையின் மூலையில் ஓடிய கடிகாரத்தை உள்ளங்கையால் மறைத்தார்.

"மணியப் பாக்காதீங்க சார். படத்தப் பாருங்க."

படம் சின்னச் சின்னக் கட்டங்களாக நிரம்பியது. கோருக்கு ஒரு கட்டம், முடித்ததும் அடுத்தது. கூந்தல், நெற்றி, கன்னம் எல்லாம் மளமளவென்று வந்துவிட்டன. ஒரே ஒரு கட்டம் மட்டும் கறுப்பாக நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"அது எந்த இடம்?"

"கண்ணீர்த்துளி மேடம். வெளிச்சம் உள்ள போய் வெளிய வரணும்ல, அதான் லேட்டு."

"மத்த கோரெல்லாம் இப்ப என்ன பண்ணுது?"

"சும்மா இருக்கு."

"துளி இப்படித்தான் விழணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார்.

"இல்ல மேடம். நாலு விதமா செஞ்சு வெச்சிருக்கேன். ஒண்ணுகூட அழற மாதிரி இல்ல. கொடுத்தா சிரிச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு. அதான், மொதல்ல நல்ல மெஷினா ஒண்ணு அமையட்டும்னு..."

ஜெபமலர் எழுந்து போய்க் கதவைத் திறந்துவைத்தார். வெளியே எடிட்டர் கீபோர்டு மேலேயே தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒலி சேர்ப்பவர் ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஆறிப்போன டீயை வெறித்துக்கொண்டிருந்தார். வண்ணம் திருத்தும் பெண் நகத்தைக் கடித்தபடி இந்தப் பக்கமே பார்த்தாள்.

ஏகாம்பரத்துக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஆனாலும் கேட்டார்.

"எந்த மெஷின வெச்சுக்கலாம் மேடம்?"

"எத வேணா வெச்சுக்கங்க சார். அவங்க எல்லாரும் காலையிலேயே முடிச்சிட்டு உக்காந்திருக்காங்க."