வெயிலுமுத்துவின் குழல்

பாளையங்கோட்டையில் ஹெப்சிபா என்றொரு பெண் இருந்தார். கேசட் கம்பெனிகளுக்குக் கீபோர்டில் இசை அமைத்துக் கொடுப்பது அவர் தொழில். தேடி வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பார். அவரிடம் படித்தவர்களில் கோமதிநாயகம் ஆசிரியையைவிட மிகவும் மூத்தவர். அவர் ஹெப்சிபாவை டீச்சர் என்பார். ஹெப்சிபா அவரை அண்ணாச்சி என்பார்.

கோமதிநாயகம் கோயில் கொடை விழாக்களில் கச்சேரி செய்யும் இன்னிசைக் குழு ஒன்றை நடத்தி வந்தார். ஒரு காலத்தில் வாத்தியக்காரர்கள் நிறைந்து அவருடைய வேனில் உட்கார இடம் இருக்காது. பிறகு அவர் ஒரு சாம்ப்ளர் வாங்கினார். எந்த வாத்தியத்தின் ஒலியையும் பதிந்து வைத்துக்கொண்டு, கீபோர்டின் கட்டையை அழுத்தினால் அதே குரலில் திருப்பித் தரும் பெட்டி அது. ஒரே சமயத்தில் பதினாறு வாத்தியங்கள் அதற்குள் இருந்து வாசிக்கும். எது எப்போது வாசிக்க வேண்டும் என்பதை சீக்வென்சர் என்ற இன்னொரு பெட்டி பார்த்துக்கொள்ளும். இரண்டையும் ஆளக் கற்றுக்கொள்ளத்தான் அவர் ஹெப்சிபாவிடம் வந்திருந்தார்.

குழுவில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொண்டார். அதன்பின் ஒவ்வொருவராகக் கச்சேரிக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார். யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒருவர் லாட்ஜில் கணக்கு எழுதப் போனார். ஒருவர் ஆட்டோ ஓட்டினார். கடைசியாகப் போனவர் வெயிலுமுத்து. குழுவுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே கோமதிநாயகத்தோடு குழல் வாசித்தவர்.

சில வருஷம் கழித்து வெயிலுமுத்துவுக்குப் பக்கவாதம் வந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் போயிற்று, குழலும் போயிற்று. மகள் இசக்கியம்மாளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, அவளே கோமதிநாயகத்தின் வீட்டுக்கு வந்தாள்.

"அப்பா குழல் உங்க பெட்டியில இருக்காம்லா மாமா. கல்யாணத்துல அது கேக்கணும்."

கோமதிநாயகத்துக்கு அது தண்டனை விலகியது போல இருந்தது. இரவும் பகலும் உட்கார்ந்து ஒரு பாட்டுக் கட்டினார். குழலுக்குப் பின்னால் வயலின்கள், தவில், மணி, கோரஸ் என்று பதினாறு இடத்தையும் நிரப்பினார். எதையும் குறைக்க அவருக்கு மனம் வரவில்லை.

கல்யாண மண்டபத்தில் வெயிலுமுத்துவை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். குழல் எழுந்ததும் அவர் தலை நிமிர்ந்தது. நல்லாயிருந்த கையின் விரல்கள் மடியில் அசைந்தன. பாட்டின் உச்சியில் ஒரு நீண்ட ஸ்வரம் வரும். அது வந்தபோது கண்ணை மூடினார். ஸ்வரம் முடிவதற்குள் கண்ணைத் திறந்து, மேடையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு தன்னை வெளியே கூட்டிப் போகும்படி மகளுக்குச் சைகை காட்டினார்.

பந்தியிலும் அவர் கோமதிநாயகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையிலேயே கோமதிநாயகம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஹெப்சிபாவிடம் வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னார். அந்த நீண்ட ஸ்வரம் பாதியில் அறுந்துபோனதைத் தானும் கேட்டதாகவும், பெட்டியில் ஏதோ கோளாறு என்றும், அதனால்தான் வெயிலுமுத்து மனம் நொந்துவிட்டார் என்றும் சொன்னார்.

ஹெப்சிபா பெட்டியை இணைத்தார். ஒரு விரலால் குழலின் ஒரு ஸ்வரத்தை அழுத்திப் பிடித்தார். இன்னொரு கையால் மற்ற கட்டைகளை அள்ளி அள்ளி அழுத்தினார். வயலின்களும் மணிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தன. விரல் எடுக்காமலே குழல் காணாமல் போனது.

"கோளாறு இல்ல அண்ணாச்சி. பதினாறு பேரை உள்ள உக்கார வைக்கலாம். அத்தன பேரும் நெனச்சபடி வாசிக்க அதுக்குத் தெம்பு இல்ல. புதுசா ஒரு ஸ்வரம் வரணும்னா, ஒலிச்சிக்கிட்டு இருக்கிற ஒண்ணைக் கைவிட்டுரும்."

"எதை?"

"ரொம்ப நேரமா ஒலிக்கிறதை."

கோமதிநாயகம் தரையைப் பார்த்தார். பிறகு என்ன செய்வது என்று கேட்டார்.

மற்றவர்களை நிறுத்துங்கள் என்றார் ஹெப்சிபா.

கோமதிநாயகம் சீக்வென்சரை ஓடவிட்டு ஒவ்வொரு வாத்தியமாக நிறுத்தினார். வாயில் வாத்தியத்தின் பெயர் வரவில்லை, அதை வாசித்தவரின் பெயர்தான் வந்தது. தங்கப்பா என்றார். ஜோசப் என்றார். மாடசாமி என்றார். கடைசியில் குழல் மட்டும் மிஞ்சியது. நீண்ட ஸ்வரம் வந்தது. இப்போது அது அறுபடவில்லை.

அவர் முகம் தெளிந்தது. இதையே கொண்டுபோய் வெயிலுமுத்துவுக்குப் போட்டுக் காட்டப் போவதாகச் சொல்லி எழுந்தார்.

"உக்காருங்க," என்றார் ஹெப்சிபா.

சீக்வென்சரை நிறுத்திவிட்டு அதே ஸ்வரத்தைக் கட்டையில் அழுத்தினார். விரலை எடுக்கவில்லை. குழல் ஒலித்தது. ஒலித்துக்கொண்டே இருந்தது. தெருவில் ஒரு தண்ணீர் லாரி வந்து, நின்று, போனது. குழல் அப்படியே இருந்தது. அதற்குள் ஒரு சிறு நடுக்கம் போய்ப் போய்த் திரும்பி வந்தது. எந்த மனிதனுக்கும் அவ்வளவு மூச்சு கிடையாது.

"ஒரு சின்னத் துண்டைத்தான் இது சுத்திச் சுத்தி வருது. இதோட முடிவு எங்க அண்ணாச்சி?"

"பதியல டீச்சர்."

"அவரு வாசிக்கலியா?"

கோமதிநாயகம் நடந்ததைச் சொன்னார். பதிந்த அன்று வெயிலுமுத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். ஸ்வரம் இறங்கி அடங்குகிற வரைக்கும் விடு, உயிர் அங்கேதான் இருக்கு என்றாராம். பெட்டியில் அதற்கெல்லாம் இடம் இல்லை. அதனால் ஸ்வரம் நிலைக்கு வந்ததும் போதும் என்று இவர் கையைக் காட்டினார். அவர் நிறுத்தினார். அடுத்த ஸ்வரத்துக்கும் கையைக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் காட்டினார். முடிந்ததும் வெயிலுமுத்து குழலைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எதையுமே கேட்டதில்லை.

ஹெப்சிபா விரலை எடுத்தார். சத்தம் சட்டென்று நின்றது.

"அந்த முடிவை எப்படியாவது உண்டாக்க முடியுமா டீச்சர்?"

"உண்டாக்கலாம். மெல்ல மெல்லக் குறைச்சுக் கொண்டுவந்தா, கேக்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

"வெயிலுமுத்துவுக்கு?"

ஹெப்சிபா பெட்டியை அணைத்தார்.

"அவரு இன்னும் உங்க கையைத்தான் பாத்துக்கிட்டு இருக்காரு அண்ணாச்சி."