தெளிவான ஆள்

ஊருக்கு வெளியே, ரைஸ் மில்லுக்குப் பின்னால் ஒரு சிறிய மடம். அங்கிருந்த குருவை ஊர்க்காரர்கள் சாமி என்பார்கள். அவரைவிட இரண்டு வயது மூத்த சீடர் மாசிலாமணி மட்டும் ஐயா என்பார்.

மாசிலாமணிக்கு ஒரு காலத்தில் மனநோய் இருந்தது. இல்லாத குரல்கள் கேட்டன. இப்போது கேட்பதில்லை. தினமும் காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார். இது குருவுக்கு மட்டும் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மாசிலாமணி கேட்டார்.

"ஐயா, ஒளித்து ஒளித்து விழுங்கி அலுத்துவிட்டது. ஊராரிடம் சொல்லிவிடட்டுமா? நம்மேல் இவ்வளவு பாசமாக இருக்கிறார்களே, புரிந்துகொள்ள மாட்டார்களா?"

குரு கையை நீட்டினார்.

"அந்த மாத்திரை அட்டையைக் கொடும்."

கொஞ்ச நேரத்தில் கூட்டம் வந்துவிட்டது. மில் முதலாளி தனுஷ்கோடி காலில் விழுந்து எழுந்தார். குரு அட்டையை எல்லோருக்கும் தெரியும்படி மடியில் வைத்திருந்தார்.

"சாமிக்குச் சுகர் வந்துட்டா?" என்றார் தனுஷ்கோடி.

"இல்லை. இது மனநோய்க்கு. தினமும் ஒன்று போட வேண்டும்."

சாமி வேடிக்கை பேசுகிறார் என்று சிலர் சிரித்தார்கள். குருவும் சிரித்தார். எப்போதும் சிரிக்கும் சிரிப்புதான். தனுஷ்கோடியின் மனைவி செண்பகம் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, அந்தப் படத்துலயும் அவன் இப்படித்தானே சிரிப்பான்?"

"எந்தப் படம்?"

"போன வாரம் டிவில போட்டாம்லா. நல்லாத்தான் இருப்பான். ஒருநாள் மாத்திரை போட மறந்துருவான். அன்னிக்கு வீட்டுல உள்ள எல்லாரையும்..." கழுத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள்.

"வாய மூடுட்டி" என்றார் தனுஷ்கோடி. ஆனால் அவரும் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார். "சாமி, இன்னிக்கு மாத்திரை போட்டாச்சுல்லா?"

குரு பதில் சொல்லவில்லை. அவர் பல கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை. எங்கள் சாமி மௌனம் காக்கிறவர் என்று ஊரில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

"பாத்தியளா, வெறிச்சுப் பாக்காரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அதுவும் படத்துல வரும்."

திருநீறு வாங்காமலே கூட்டம் கலைந்தது. வாசலில் ஒருவன் கண்ணை மேலே செருகி, தலையைக் கோணலாக ஆட்டிக் காட்டினான். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் வராமல் சிரித்தார்கள்.

சாயங்காலம் தனுஷ்கோடி மட்டும் திரும்ப வந்தார். கையில் புதுப் பூட்டு. மாசிலாமணியைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார்.

"அண்ணாச்சி, ராத்திரி அவர் ரூம வெளிய பூட்டிக்கிடுங்க. பூசை கீசையெல்லாம் இனி நீங்களே பாருங்க. பிள்ளைக வாற இடம். நல்லவேள, உங்கள மாதிரி தெளிவான ஆள் ஒருத்தர் கூட இருக்கிய."

"இல்ல, அந்த மாத்திர..."

"பயப்படாதிய. ஒரு சத்தம் குடுத்தா மில்லுல இருந்து ஆள் ஓடி வரும்."

சாவியை மாசிலாமணியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். பிறகு, காலையில் குருவின் காலில் விழுந்தது போலவே, அவர் காலிலும் விழுந்து எழுந்து போனார்.

மாசிலாமணி உள்ளே வந்தார். குரு சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷம் உங்கள் முகத்தைப் பார்த்தவர்கள், ஐயா. ஒரு படம் அதை அழித்துவிடுமா?"

"என் முகத்தை எங்கே பார்த்தார்கள்? வந்தார்கள், விழுந்து கும்பிட்டார்கள். காலைத்தான் பார்த்திருப்பார்கள். முகத்தைப் பக்கத்தில் காட்டியது அந்தப் படம்தான்."

மாசிலாமணி வாசல் பக்கம் திரும்பினார்.

"என்னால்தான் உங்களுக்கு இந்த அவமானம். இப்போதே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்."

குரு சோற்றைப் பிசைந்தார்.

"சொல்லும். போகும்போது சாவியை இங்கே வைத்துவிட்டுப் போம். திரும்பி வந்ததும் உம்மைப் பூட்ட வேண்டும்."