முதலில் பாய் இறக்குகிறவள்

ஊர் ஊராகப் போய்க் கலைச்சந்தையில் கடை போடுகிற எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மழை வரும்போல இருந்தால் யாரும் முதலில் தார்ப்பாயை இறக்க மாட்டோம்.

காரணம் ரொம்பச் சின்னது. கடையின் முன்பக்கம் சுருட்டிக் கட்டியிருக்கிற பாயை ஒருத்தன் அவிழ்த்துவிட்டால் போதும், வேடிக்கை பார்க்கிற ஜனம் "முடிஞ்சிடுச்சுபோல, வாங்க போகலாம்" என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடும். அப்புறம் மற்றவர்கள் திறந்து வைத்து என்ன பிரயோஜனம்? மழையும் வராமல் போய்விட்டால் முதலில் இறக்கினவன் பாடு திண்டாட்டம்தான். அடுத்த ஊர் வரைக்கும் வசவு விழும். சமாதானமாக டீ வாங்கிக் கொடுத்தால் டீயைக் குடித்துவிட்டுத் திட்டுவார்கள்.

அதனால் மேகம் கூடினால் நாங்கள் மேகத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்துக் கடையைப் பார்ப்போம். பக்கத்துக் கடைக்காரர் எங்களைப் பார்ப்பார். இப்படியே பார்த்துக்கொண்டிருந்து எத்தனையோ தடவை எல்லோரும் சேர்ந்து நனைந்திருக்கிறோம்.

பூங்காவனம் மட்டும் இதற்கெல்லாம் கட்டுப்பட்டவள் இல்லை. மாமல்லபுரம் பக்கத்துக்காரி. நாற்பது வயதிருக்கும். கல்லில் சின்னச் சின்ன ஆமை, யானை, பிள்ளையார் செதுக்கி விற்கிறவள். அவள் எழுந்து பாயை இறக்கினால் வரிசை மொத்தமும் இறக்கிவிடும். பெரும்பாலும் மழையும் வந்துவிடும். வராத நாளில் முணுமுணுப்பார்கள். முகத்துக்கு நேரே திட்டினால் சிரிப்பாள். அப்புறம் என்னத்தைத் திட்டுவது?

அவளுக்கு மழை வாசனை தெரியும் என்றார்கள். கல்லோடு புழங்குகிறவளுக்குக் காற்றின் சேதி கேட்கும் என்று ஒரு மண்பாண்டக்காரர் சொன்னார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் நான் விற்பது காகிதக்கூழில் செய்த தலையாட்டி பொம்மை. தண்ணீர் பட்டால் ராஜா முகமும் ராணி முகமும் ஒன்றாகிவிடும். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, நானும் ஒரு கண்ணை அவள்மேல்தான் வைத்திருப்பேன்.

சவரிமுத்து சார் எங்களோடு வந்து சேர்ந்தது போன வருஷம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் வாட்டர்கலர் போடுவார். படகு, சர்ச் கோபுரம், மீன் கூடையோடு நிற்கிற பெண்கள். நன்றாகவே இருக்கும். கண்ணாடிச் சட்டம் போட்டால் ஊர் ஊராகச் சுமக்க முடியாது என்று அட்டையில் ஒட்டிக் கிளிப் மாட்டித் தொங்கவிடுவார். முதல் ஊரில் பூங்காவனம் பாய் இறக்கியபோது அவருக்கு விஷயம் தெரியவில்லை; மழை வந்து பாதிப் படங்களைக் கொண்டுபோனது.

மறுநாளே தன் கடையைப் பூங்காவனம் கடைக்குப் பக்கத்தில் மாற்றிக்கொண்டார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் அவள் முன்னால் நின்றார்.

"இன்னையிலேருந்து நீங்கதாம்மா எனக்குக் குரு."

"என்ன சார் விளையாடறீங்க? வாழ்நாள் பூரா வாத்தியாரா இருந்தவரு நீங்க."

"படம் போடத்தான் நான் சொல்லிக்குடுத்தேன். போட்ட படத்தைக் காப்பாத்த எனக்கு யாரும் சொல்லிக்குடுக்கல."

"குருன்னு கூப்பிட்டா நான் காவி வாங்கிக் கட்டணும். அதுக்கெல்லாம் வசதியில்ல சார்."

ஆனால் பழத்தை வாங்கிக்கொண்டாள். அவரும் விடவில்லை, 'குருவே' என்றேதான் கூப்பிட்டார். கேலிக்குத்தான் ஆரம்பித்தது. நாளாக ஆக அவர் குரலில் கேலி குறைந்துகொண்டே போனது.

ஊருக்கு ஊர் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"குருவே, பாய் இறக்கற நேரம் உங்களுக்கு எப்படித் தெரியுது?"

கும்பகோணத்தில் கேட்டபோது அவள் டிபன் பாக்ஸைத் திறந்து பாதித் தயிர்சாதத்தை அவருக்கு வைத்தாள்.

"முதல்ல சாப்பிடுங்க சார்."

அவர் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார். "பசியோட இருக்கறப்ப முடிவெடுக்காதேங்கறாங்க, புரியுதா?" என்றார்.

"சோறு மிஞ்சியிருக்கும் சார்" என்றேன்.

ஏற்காட்டில் கேட்டபோது ஒரு கல் ஆமையை அவர் கையில் கொடுத்து, "கொஞ்சம் பிடிங்க சார், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திரும்பி வரும்வரை அவர் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். கை வலித்திருக்கும். அவள் வந்து ஆமையை வாங்கி வைத்துவிட்டு அவர் பாட்டுக்கு நிற்பதைப் பார்த்தாள்.

"என்ன சார்?"

"பொறுமையா?"

"பாத்ரூம்ல கூட்டம் சார்."

அவர் சளைக்கவில்லை. தும்பி தாழப் பறக்கிறதா என்று பார்த்தார், எறும்பைப் பார்த்தார், ஃபோனில் வானிலையைப் பார்த்தார். பூங்காவனம் எழுவதற்கு முன்னால் எந்தப் பக்கம் திரும்புகிறாள், என்ன செய்கிறாள் என்று கவனித்தார். ஒரு ஊரில் காதைச் சொறிந்துகொண்டு எழுந்தாள். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுச்சேரியில் ஒரு நாள் வானம் சும்மா மூட்டமாக இருந்தது, அவ்வளவுதான். சார் காலையிலிருந்தே ஃபோனைப் பார்த்துப் பார்த்து வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். பூங்காவனம் எழுந்து பாயை இறக்கிவிட்டாள். நாங்களும் இறக்கினோம். ஜனம் போய்விட்டது. ஒரு பொட்டு மழை இல்லை. மேகம் கலைந்து வெயிலே அடித்தது.

மண்பாண்டக்காரருக்குப் பொறுக்கவில்லை. "இன்னிக்கு யாவாரத்துல மண்ணள்ளிப் போட்டியே, பூங்காவனம்!" என்று கத்தினார்.

"ஆமாண்ணே" என்று அவள் சிரித்தாள்.

சாருக்குத்தான் தாங்க முடியவில்லை.

"குருவே, தப்பு எங்க ஆச்சு?"

"எது சார் தப்பு?"

"மழை வரலையே."

"வரலைன்னா நல்லதுதானே."

அவர் அதையும் யோசிக்க எடுத்துக்கொண்டு போனார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் தரங்கம்பாடியில் கடற்கரையை ஒட்டின மைதானத்தில் கடை போட்டிருந்தோம். அன்றைக்குச் சார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முகம் மாப்பிள்ளை முகமாக இருந்தது. சென்னையில் ஓவியக்கூடம் வைத்திருக்கிற ஒருவர் யாரோ அனுப்பிய அவர் படத்தை ஃபோனில் பார்த்தாராம். சாயந்திரம் நேரில் வருகிறேன், வரைந்தது எல்லாவற்றையும் எடுத்து மாட்டி வையுங்கள், பிடித்திருந்தால் தனிக் கண்காட்சியே வைக்கலாம் என்று சொல்லியிருந்தாராம்.

"இருபது வயசுல ஆசைப்பட்டது, மாசிலாமணி" என்றார் என்னிடம். "இனிமே இல்லைன்னு மூட்டை கட்டி வச்சுட்டேன்."

வீட்டில் இருந்ததையெல்லாம் கொண்டுவந்திருந்தார். இதுவரை எந்தச் சந்தைக்கும் கொண்டுவராத ஒரு படமும் அதில் இருந்தது. காலமாகிப்போன அவர் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிற படம். அந்த அம்மா இருக்கும்போதே எதிரில் உட்கார வைத்துப் போட்டது. எந்தப் போட்டோவிலும் முகம் இவ்வளவு அச்சாக விழவில்லை என்றார். அதை நடுவில் மாட்டினார்.

"இதையும் விக்கறீங்களா சார்?"

"சேச்சே! அவரு பார்க்கணும், அவ்வளவுதான்."

மத்தியானத்துக்குமேல் கடல் கறுத்தது. காற்று கூடாரத் துணியைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. ஒருவரும் பாயை இறக்கவில்லை. எல்லோரும் பூங்காவனத்தைப் பார்த்தோம். அவள் ஒரு யானையின் தும்பிக்கையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பாய்க் கயிற்றில் கை வைத்தேன். எதிர்க்கடைக்காரர் என்னையே பார்த்தார். கையை எடுத்துவிட்டேன்.

சார் கடைக்குள்ளே நடந்துகொண்டிருந்தார். ஒரு படத்தை நேராக்குவார், தள்ளி நின்று பார்ப்பார், சாலைப் பக்கம் எட்டிப் பார்ப்பார்; ஃபோனில் வானிலையை மட்டும் பார்க்கவில்லை.

"சார், வானத்தைப் பாருங்க சார்" என்றேன்.

"இப்ப மூடினா வர்றவரு மூடின கடையைப் பார்த்துட்டுத் திரும்பிடுவாரு."

"காத்து வேற மாதிரி இருக்கு சார்."

"குரு உட்கார்ந்துட்டுத்தானே இருக்காங்க? அவங்க எழுந்திரிக்கட்டும், பார்த்துக்கலாம்."

பூங்காவனம் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் சிரித்தார். அவள் மறுபடி தும்பிக்கையைத் தேய்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை பார்த்தாள். அவர் இன்னும் பெரிதாகச் சிரித்தார்.

காற்றுதான் முதலில் வந்தது. கோடியில் இருந்த கடையின் கூரை அப்படியே எழும்பிப் போய் மணலில் விழுந்தது. அதற்குள் மழை. சாரல், தூறல் எல்லாம் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. கிளிப்புகள் பிடுங்கிக்கொண்டன. சார் போட்ட படகுகளும் கோபுரங்களும் மைதானம் முழுக்கப் பறந்தன.

பூங்காவனம் தன் கடைப் பாயை அறுத்து எடுத்துக்கொண்டு ஓடினாள். மாட்ட இடமில்லாமல் சார் மேசைமேல் அடுக்கியிருந்த படங்கள்மீது அதை விரித்து அதன்மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டாள். அவள் கற்களெல்லாம் திறந்த வெளியில் நனைந்தன. நான் என் பொம்மைகளை மூடிவிட்டு ஓடிப்போய்ப் பறந்ததில் கைக்கு அகப்பட்டதைப் பொறுக்கினேன். சார் ஒன்றையும் பொறுக்கவில்லை. நடுவில் மாட்டியிருந்த அந்த ஒரு படத்தைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மழைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார்.

மழை ரொம்ப நேரம் இல்லை. வந்த வேகத்தில் போய்விட்டது.

மேசைமேல் இருந்ததில் ஏதோ கொஞ்சம் தேறியது. நான் பொறுக்கினது எல்லாம் வெறும் ஈரத்தாள். சாரின் ஃபோன் அடித்தது. சென்னைக்காரர்தான். அந்தப் பக்கம் பெருமழை என்றார்களே, அதனால் காலையிலேயே பயணத்தை விட்டுவிட்டேன், சொல்ல மறந்துபோனேன், இன்னொரு சமயம் பார்க்கலாம் என்றாராம்.

"சரிங்க" என்றார் சார். ஃபோனை வைத்துவிட்டு, நெஞ்சோடு பிடித்திருந்த படத்தை மெல்லப் பிரித்தார். நனைந்த சட்டையில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தபோது காகிதத்தில் ஜன்னல் மட்டும் இருந்தது. அந்த அம்மாவின் முகம் இருந்த இடத்தில் ஒரு கலங்கல். சட்டைமேல் பச்சையும் மரநிறமுமாக ஏதோ வழிந்திருந்தது.

 நான் பொறுக்கின ஈரத்தாள்களை அவர் மேசைமேல் வைத்தேன்.

பூங்காவனம் பாயின் ஒரு முனையைப் பிடித்துத் தண்ணீரைப் பிழிந்துகொண்டிருந்தாள். சார் அவள் முன்னால் போய் நின்றார்.

"ஏன் எழுந்திரிக்கல?"

அவள் பிழிவதை நிறுத்தினாள்.

"எல்லா ஊர்லயும் எழுந்தீங்க. புதுச்சேரியில மழையே இல்லாம எழுந்தீங்க. இன்னிக்கு ஏன் எழுந்திரிக்கல? உங்களுக்கா தெரியாது?"

"எனக்கு மழையப் பத்தி ஒண்ணும் தெரியாது சார்."

"பொய் சொல்லாதீங்க!"

"நான் விக்கறது கல்லு சார். நனைஞ்சா தொடச்சிட்டு விப்பேன். நான் எதுக்கு வானத்தப் பாக்கப்போறேன்?"

அவர் அவள் கடையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆமையும் யானையும் கழுவி வைத்ததுபோல இருந்தன. இத்தனை வருஷமாக அவளைப் பார்த்துப் பாய் இறக்கியிருக்கிறோம், இது எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"அப்ப எதுக்கு முதல்ல இறக்குனீங்க?"

"யாராவது இறக்கணுமே சார். இவங்களுக்கெல்லாம் திட்டு வாங்கப் பயம். எனக்கு அது உறைக்காது."

"எப்ப இறக்கணும்னு எப்படித் தெரிஞ்சுது? அதைச் சொல்லுங்க. இவ்வளவு நாளா அதைத்தானே கேட்டேன்!"

அவள் என் பக்கம் கையைக் காட்டினாள்.

"முன்னெல்லாம் இந்த அண்ணன் முகத்தப் பாத்துட்டிருப்பேன். வெளுத்துப்போச்சுன்னா எழுந்துடுவேன். நீங்க வந்தப்புறம் உங்க முகத்த. அண்ணனவிட நீங்க சீக்கிரமா பயப்படுவீங்க."

சார் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். 

"இன்னைக்கு?"

"இன்னைக்கும் பாத்தேன் சார்" என்றாள் பூங்காவனம். "ரெண்டு தடவ பாத்தேன். நீங்க சிரிச்சீங்க."