குற்றாலிங்கம் விட்டுக்கொடுத்த சுவர்

தீர்ப்புச் சொல்லப் போவது நீங்கள். அதனால் கதையைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

சிவந்திநல்லூர்க் கடைவீதியில் இருபுறமும் நூறு வயது தாண்டிய மாடிக் கட்டடங்கள். ஒன்றையொன்று உரசி நிற்பவை. இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரே சுவர்தான். இடமும் செங்கல்லும் மிச்சம் என்று அந்தக் காலத்தில் அப்படிக் கட்டிவிட்டார்கள். சண்டையைப் பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுவிட்டார்கள்.

கோயில் தேர் நிற்கும் தேர்முட்டிக்கு எதிரே குற்றாலிங்கத்தின் பாத்திரக்கடை. அதை ஒட்டி ஜெசிந்தாவின் தையற்கடை. மாடியில் அவளும் அவள் அம்மாவும் குடியிருக்கிறார்கள். வேறு வீடு கிடையாது. குற்றாலிங்கத்தின் மாடியைத் தாங்கிய தேக்கு விட்டங்கள் பொதுச் சுவரைக் கடந்து ஜெசிந்தாவின் பக்கம் சாண் நீளம் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் கயிறு கட்டி, தைத்த ரவிக்கைகளைத் தொங்கவிடுவாள்.

குற்றாலிங்கம் பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவு செய்தார். ஜெசிந்தா பதறிக்கொண்டு வந்தாள்.

"ஒங்க கட்டடம், ஒங்க இஷ்டம் அண்ணாச்சி. நடுச் செவுத்துல மட்டும் கை வச்சிராதிய."

"வைக்க மாட்டேன் தாயி. அதுல எம் பாதியும் ஒனக்கே இருக்கட்டும்."

வியாபாரிகள் சங்கத் தலைவர் முன்னால் கொடுத்த வாக்கு. அந்த வீதியில் ஒரு சாண் இடத்தைக்கூடச் சும்மா விடுகிறவர்கள் அபூர்வம். எனக்கே மனிதர்மேல் மரியாதை வந்தது.

இடிப்பு வேலை தொடங்கியதும் மர வியாபாரி வந்தார். விட்டங்களைச் சுவரோடு ஒட்டி அறுத்தால் நீளம் குறையும், விலையும் இறங்கும் என்றார்.

"அப்பம் முழுசா உருவிருங்க" என்றார் குற்றாலிங்கம்.

ஒவ்வொன்றாக நெம்பி உருவினார்கள். ஜெசிந்தா தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, நின்று பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓட்டைகளில் சாக்கை அடைத்துவிட்டுத் தைக்கப் போய்விட்டாள்.

ஐப்பசி மழையில் ஓட்டைக்கு ஓட்டை விரிசல் ஓடிச் சுவர் நடுவில் புடைத்தது. நகராட்சிப் பொறியாளர் வந்து பார்த்தார். வெளிப்பக்கம் முட்டுச்சுவர் கட்டினால் நிற்கும், இல்லாவிட்டால் ஜெசிந்தாவின் கட்டடத்தைக் காலி செய்து இடிக்க வேண்டியதுதான் என்றார். வெளிப்பக்கம் என்பது குற்றாலிங்கத்தின் மனை. அதன் அகலமே பன்னிரண்டு அடி. முட்டுச்சுவர் அதில் மூன்றடியைத் தின்றுவிடும்.

இருவரும் சங்கத் தலைவரிடம் போனார்கள்.

"செவுத்துல கை வைக்க மாட்டேன்னு சொன்னியளே அண்ணாச்சி. இப்பம் நானும் எங்கம்மையும் எங்க போவோம்?"

"ஒரு செங்கல்ல எடுத்தேனா? உருவுனது எம் மரம். நீயும் பாத்துக்கிட்டுத்தான நின்ன? வேண்டாம்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா அறுத்திருப்பேன்லா!"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மரம் அவருடையது. செங்கல்லை யாரும் தொடவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை.

தலைவர் நாற்காலியில் நீங்கள் இருந்தால் அந்த மூன்றடியைக் கேட்டு வாங்குவீர்களா, விட்டுவிடுவீர்களா? இதில் யார் பேச்சு நியாயம்?

விடை: மூன்றடியை வாங்கத்தான் வேண்டும். நூறு வருஷம் சுவருக்குள் இருந்த மரம், உள்ளே இருக்கும் வரை சுவரைச் சேர்ந்ததே. தன் பக்கம் வெளியே நின்றதை மட்டும் அறுத்து எடுத்திருந்தால் அவர்மேல் குற்றமில்லை. அந்த வழியும் அவர் காதில் விழுந்தது. விலை குறையும் என்றுதான் வேண்டாமென்றார். ஜெசிந்தா வாயை மூடிக்கொண்டு நின்றது தப்புதான், எனக்கும் அவள்மேல் கோபம் உண்டு. ஆனால் வாக்குக் கொடுத்தது அவள் இல்லை.